வேட்பாளர் ஷஃபியுல்லா, பி.ஏ.

பல்கலைக்கழகத்தின் செனட் என்னும் ஆட்சிப் பேரவைக்கு நடக்கும் தேர்தலைப் போல நாகரிகமான தேர்தல் நாட்டில் வேறு கிடையாது. ஒலிபெருக்கி இல்லை, சுவரொட்டி இல்லை, பிரியாணி இல்லை. பெரும்பாலும் வாக்காளர்களும் இல்லை. பட்டம் வாங்கியவர்களில் யார் தனியாக விண்ணப்பம் போட்டுத் தன் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறாரோ அவருக்கு மட்டும்தான் அதில் ஓட்டு. அப்படி ஒரு பதிவு இருக்கும் விவரம் பட்டதாரிகளுக்கே தெரியாதென்பதால் அமைதிக்குப் பங்கம் வந்ததேயில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை வாக்குச்சீட்டு தபாலில் வரும், தபாலில் போகும். யாரோ ஆறு பேர் உள்ளே போய், வருடத்தில் இரண்டு நாள் முந்திரி பக்கோடா சாப்பிட்டுவிட்டுக் கையைத் தூக்கிவிட்டு வருவார்கள்.

இந்த நாகரிகத்துக்குள் 2023ஆம் ஆண்டு செங்கல்பட்டிலிருந்து காலடி எடுத்து வைத்தவர் ஷஃபியுல்லா. பி.ஏ. வரலாறு, அஞ்சல்வழி, மூன்றாம் வகுப்பு. வயது ஐம்பத்தைந்து. நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் 'நஜ்மா ஜெராக்ஸ்' அவருடைய கடை. ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். உண்மையான தொழில், படிவம் நிரப்புவது. சாதிச் சான்று, வாரிசுச் சான்று, தொலைந்த மதிப்பெண் பட்டியலுக்கு நகல், எதுவானாலும் அவர் நிரப்பினால் திரும்பி வராது என்று பெயர். அதற்கு அவர் வைத்திருந்த மந்திரம் ஒன்றே ஒன்று.

"எல்லா தாள்லயும் கையெழுத்து போடுங்க. ஒண்ணு கூட வுடாதீங்க. கையெழுத்து இல்லாத பேப்பர அவங்க பேப்பராவே மதிக்க மாட்டாங்க."

பட்டதாரி யாராவது வந்தால், கேட்காமலேயே வாக்காளர் பதிவுப் படிவத்தையும் சேர்த்து நிரப்பி அனுப்பிவிடுவார். படிவம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பாமல் விடுவது அவருக்கு ஆகாது. இப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் போனதில், கோவளத்திலிருந்து அச்சரப்பாக்கம் வரைக்கும் இருநூற்றி நாற்பது பேர் அவர் கையால் வாக்காளர் ஆகியிருந்தார்கள். ஜெயிக்க, பெயருக்கு நேரே 1 என்று போட்ட முதல் விருப்ப ஓட்டு நூற்றி எண்பது போதும். மற்ற வேட்பாளர்கள் கல்லூரி கட்டி, ஆள் வைத்துச் சேர்த்த பலத்தை, ஒரு ஜெராக்ஸ் மெஷினை வைத்துக்கொண்டு இந்த மனிதர் தெரியாத்தனமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

ஆனால் அவர் ஏன் நிற்க வேண்டும்? பேரவையில் அவருக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டுவிட்டு மீதி மூன்றாண்டும் வாயை மூடிக்கொண்டு பக்கோடா சாப்பிடத் தயாராக இருந்தார். அந்தக் கேள்விக்குக் காரணம், கடைப் பலகையில் பெயர் இருக்கும் நஜ்மா.

நஜ்மா அவர் மனைவி. மகள் அஃப்ஸானா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, வீட்டில் பகல் நேரம் மிச்சமானதும், கணவர் படித்த அதே வரலாற்றை அதே அஞ்சல்வழியில் எடுத்தாள். சமைத்து, கடைக்கு வந்து மனு எழுதி, நடுவில் கிடைத்த நேரத்தில் படித்தே பதினான்கு தாள் தேறினாள். அதில் ஒன்பதில் கணவரைவிட அதிக மதிப்பெண். அதைக் கணவர் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார் என்று வரலாறு பதிவு செய்ய வேண்டும்; கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார் என்பதையும் பதிவு செய்துவிடலாம். பதினைந்தாவது, கடைசித் தாளுக்கு நேரே மதிப்பெண் பட்டியலில் எண் இல்லை. 'வரவில்லை' என்று இருந்தது.

வரவில்லையா? 2012 மே மாதத்துச் சனிக்கிழமை காலை, ஷஃபியுல்லாவே தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் அவளைத் தேர்வு மையத்து வாசலில் இறக்கிவிட்டார். அவள் உள்ளே போனதைப் பார்த்தார். மூன்று மணி நேரம் எதிர்க் கடைப் படுதாவின் கீழே நின்றார். விரலெல்லாம் மையோடு அவள் வெளியே வந்ததையும் பார்த்தார்.

"கையெழுத்து வாங்கற ஷீட்ட எடுத்துகினு வந்தாரு," என்றாள் நஜ்மா, முடிவு வந்த அன்று. "இந்த ஒரு வரிய முடிச்சுக்கறேன் சார்னேன். சரிம்மான்னு அடுத்த பெஞ்சுக்குப் போனாரு. அப்புறம் திரும்பி வரவே இல்ல."

வருகைத் தாளில் கையெழுத்து இல்லை. ஆகவே ஆள் வரவில்லை. வராத ஆளுக்கு விடைத்தாள் எப்படி இருக்கும் என்றது பல்கலைக்கழகம். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. இருந்தாலும் கருணையோடு, அடுத்த முறை வந்து மறுபடி எழுதலாம் என்றும் சொன்னது. நஜ்மா மாட்டேன் என்றுவிட்டாள்.

"எழுதினத எதுக்குங்க இன்னொருவாட்டி எழுதணும்? நான் வந்தேன். வந்தேன்னு போடச் சொல்லுங்க. அது போதும்."

அவள் அவரிடம் நகை கேட்டதில்லை, ஊட்டி கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மனு எழுதுவதில் பெயர் வாங்கிய மனிதர், ஒன்பது வருடம் மனு எழுதினார். எல்லா மனுவிலும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருந்தது. 2021 கொரோனாவில் நஜ்மா போய்விட்டாள். அதற்கு இரண்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து முதல்முறையாகப் பதில் வந்தது: 'மனுதாரர் காலமாகிவிட்டதாகத் தெரியவருவதால் கோப்பு முடித்துவைக்கப்படுகிறது.' இந்தத் தகவல் மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பாகப் போய்ச் சேர்ந்தது என்று ஷஃபியுல்லா வியந்தார்.

நேரில் போனார். பிரிவு எழுத்தர் நல்ல மனிதர்.

"பாய், செத்தவங்க ரிசல்ட்ட நாங்க தொடக் கூடாது. செனட் மெம்பர் யாராச்சும் கூட்டத்துல கேள்வி கேட்டாங்கன்னா வேற வழியில்ல, பழைய ரிஜிஸ்டர எடுத்துத்தான் ஆகணும்."

வந்தவரை மனம் நோகாமல் வெளியே அனுப்ப அவர் கண்டுபிடித்த நயமான வழி அது. ஷஃபியுல்லாவுக்கு வழி என்று மட்டும்தான் காதில் விழுந்தது.

அஃப்ஸானாவுக்கு இது பிடிக்கவில்லை. அவள் பி.காம். முடித்து மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

"அத்தா, அம்மாவே இல்ல. அந்தப் பட்டத்த வாங்கி இன்னா பண்ணப் போறீங்க? சட்டம் போட்டு மாட்டப் போறீங்களா?"

"பட்டம் யாருக்கும்மா வேணும்? வந்தாள்னு ஒரு வார்த்த போட்டுட்டா போதும்."

"நம்மளுக்குத் தெரியுமே, வந்தாங்கன்னு."

"அவங்களுக்குத் தெரியணும்."

தேர்தல் முகவராகக் கிடைத்தவர் மாமல்லபுரம் உப்பிலி. எம்.ஏ. தத்துவம், கோயிலில் பாசுரம் சேவிக்கிற குடும்பம், ஆயுள் காப்பீட்டு முகவர். இருபது வருடமாகப் பாலிசிப் படிவங்களை ஜெராக்ஸ் எடுக்க வந்து, அப்படியே மதியச் சாப்பாட்டு டப்பாவையும் அங்கேயே பிரிக்கிறவர்.

"ஓய் பாய், தேர்தல்னா கொள்கை விளக்கம்னு ஒண்ணு வேணுமேய்யா?"

"எழுதிட்டேன் சாமி. ஒரே வரி."

நோட்டீசில் இப்படி இருந்தது: 'வந்தவர்களை வரவில்லை என்று எழுதும் வழக்கத்தை ஒழிப்பேன்.' உப்பிலி படித்தார். கடைப் பலகையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். "பேஷா இருக்கு," என்று சொல்லிவிட்டு, கீழே ஷஃபியுல்லா அக்கறையோடு சேர்த்திருந்த இன்னொரு வரிக்கு வந்தார். 'அன்பான வாக்காளர்களே, எந்தத் தாளையும் கையெழுத்து இன்றி அனுப்ப வேண்டாம்.' அதில் எங்கோ ஒரு ஒற்று விடுபட்டிருந்தது. தமிழுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியோடு அதை மட்டும் திருத்தி, அச்சுக்குக் கொடுத்தார்.

வாக்குச்சீட்டுகள் வந்தன. ஒரு பெரிய உறை. அதற்குள் சீட்டு ஒன்று, அதைப் போட்டு ஒட்ட ஒரு சிறிய உறை, 'நான்தான் இந்த வாக்காளர்' என்று சொல்லும் உறுதிமொழிப் படிவம் ஒன்று. படிவத்தில் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் பச்சை மையில் சான்றொப்பம் இட வேண்டும். இவை போக, எப்படி வாக்களிப்பது என்று பொடி எழுத்து ஆங்கிலத்தில் நான்கு பக்கம். வாக்காளர்கள் எல்லோரும் பட்டதாரிகள் என்பதால் அதை ஒருவரும் படிக்கவில்லை.

பிரசாரம் உப்பிலியின் ஸ்கூட்டரில் நடந்தது. கடப்பாக்கத்தில் பதினோரு வாக்காளர்கள். பச்சை மைக்கு அதிகாரி தேடியதில், சுற்றுவட்டாரத்தில் கிடைத்த ஒரே அதிகாரி கால்நடை மருத்துவர். ஆகவே கடப்பாக்கம் பட்டதாரி வர்க்கம் முழுவதும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாட்டாஸ்பத்திரியில், வயிறு உப்பிய எருமை ஒன்றுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. எருமைக்கு முன்னுரிமை தரப்பட்டது. அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னா அண்ணாத்த, ஒரு ஓட்டுக்கு இவ்ளோ பேஜாரா?" என்றாள் ரெஜினா. பி.காம்., முதல் வகுப்பு. கரையில் ஏலம் எடுத்து, வண்டியில் மீன் கொண்டுபோய் விற்கிறவள். "எம்.எல்.ஏ.வுக்குப் போடறப்ப விரல நீட்டினா முடிஞ்சிது."

"இது படிச்சவங்க எலெக்ஷன்மா."

"அதான் மாட்டாஸ்பத்திரில வந்து நிக்கறமா?"

வரிசை சிரித்தது. எருமையின் சொந்தக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ரெஜினா நோட்டீசைக் கையில் வாங்கி, உதட்டசைத்துப் படித்தாள்.

"வந்தவர்களை வரவில்லைன்னு... யாரு அண்ணாத்த வந்தது?"

"ஒருத்தங்க."

ஷஃபியுல்லா எருமையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நஜ்மா அக்காவா?"

அவர் தலையை ஆட்டினார்.

"எனக்கு டி.சி. குடுக்காம இழுத்தடிச்சப்போ மனு எழுதிக் குடுத்ததே அக்காதான். எங்கிட்டயே சொல்லியிருக்கு. அந்த ஒரு பேப்பர் கதைய." நோட்டீசை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உங்களுக்கு? ஏ, எல்லாரும் கேட்டுக்குங்க, இது நம்ம அக்காவுக்குப் போடற ஓட்டு. எங்க அண்ணாத்த கையெழுத்து?"

"எல்லாத்துலயும் போடு."

"சீட்டுலயுமா?"

ஒரு வினாடி அவருக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு உப்பிலி யாரோ ஒரு பாலிசிதாரருக்கு மரணத்தின் சாத்தியங்களைத் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தார். ஷஃபியுல்லாவின் கண்ணுக்கு முன்னால் ஒரு தாள் கையெழுத்து வாங்காமல் அடுத்த பெஞ்சுக்குப் போயிற்று.

"சீட்டுலயும்தான்," என்றார் உறுதியாக. "முக்கியமானதே அதான? பேருக்குப் பின்னால பட்டத்தையும் போடு. கஷ்டப்பட்டு வாங்கினதுதான?"

ரெஜினா தன் பெயரையும் பட்டத்தையும் முத்து முத்தாக எழுதினாள். மற்ற பத்துப் பேரும் அவள் முதுகை மேசையாக வைத்து எழுதினார்கள். வேடந்தாங்கலில், மதுராந்தகத்தில், கோவளத்தில், வேட்பாளர் நேரில் போக முடியாத இடங்களிலெல்லாம் நோட்டீசு போய் அதே வேலையைச் செய்தது.

வாக்கு எண்ணிக்கை சென்னையில், உயரமான கூரையும் அதைவிட உயரமான மரியாதையும் கொண்ட ஒரு மண்டபத்தில் நடந்தது. அஃப்ஸானா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில் ஷஃபியுல்லா போயிருந்தார். சட்டைப்பையில் கேள்வி இருந்தது. ஜெயித்தவுடன் கேட்க முடியாது, முதல் கூட்டத்தில்தான் கேட்கலாம் என்று உப்பிலி எத்தனை தரம் சொல்லியும் கையோடு எடுத்து வந்திருந்தார்.

பத்தொன்பது வேட்பாளர்களுக்குப் பத்தொன்பது தட்டு. மற்ற தட்டுகளில் சீட்டு விழுந்துகொண்டிருந்தது. ஷஃபியுல்லாவின் தட்டு துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. ஆனால் மேசைக்கு மறுகோடியில், பெயரில்லாத இருபதாவது தட்டு ஒன்று மட்டும் குவிந்து சரிந்துகொண்டிருந்தது.

"பாய், அது யார் தட்டு?" என்று உப்பிலி கிசுகிசுத்தார். "ஜெயிக்கறவன் போலிருக்கே."

முடிவில் தேர்தல் அலுவலர் வாசித்தார். ஷஃபியுல்லா, ஒன்பது. செல்லாதவை, இருநூற்றிப் பதினேழு.

"இத்தன செல்லாத ஓட்டு என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல," என்றார் அலுவலர். குரலில் ஒரு பிரமிப்பு இருந்தது. "வேட்பாளர்கள் ஆட்சேபம் இருந்தா வந்து பார்க்கலாம்."

ஷஃபியுல்லா போய்ப் பார்த்தார். முதல் சீட்டில் அவர் பெயருக்கு நேரே கொட்டை எழுத்தில் 1. கீழே, 'ம. ரெஜினா, பி.காம்.' அடுத்ததில் 1, 'ஏசுதாஸ், எம்.எஸ்ஸி.' அடுத்தது பி.லிட்., அடுத்தது பி.எஸ்ஸி. ஒருத்தர் தேதி போட்டு, இடம் அச்சரப்பாக்கம் என்றும் குறித்திருந்தார். எல்லாம் அவர் கடையில் பார்த்துப் பார்த்துப் பழகிய கையெழுத்துகள்.

"இது ரகசிய வாக்குங்க," என்று அலுவலர் பொறுமையாகச் சொன்னார். "யார் போட்டதுன்னு தெரியற மாதிரி சீட்டுல ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. கையெழுத்து உறுதிமொழிப் படிவத்துல மட்டும்தான்."

"சார், இவங்க எல்லாம் எனக்குத்தான் போட்டிருக்காங்க. பாருங்க, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு..."

"தெரியுது பாய். யார் யாரு உங்களுக்குப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியுது பாருங்க, அதான் பிரச்சினையே."

உப்பிலி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "இது அநியாயம் சார்! மேல்முறையீடு பண்ணுவோம். படிக்காத ஜனங்களா இவா? எல்லாரும் பட்டதாரிகள்!"

அலுவலர் ஒரு சீட்டை எடுத்து மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். 'உப்பிலி, எம்.ஏ., ஆயுள் காப்பீட்டு முகவர்', கீழே கைபேசி எண். உப்பிலி மேல்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதுவும் உங்களுதான?" என்று அலுவலர் ஷஃபியுல்லாவிடம் இன்னொன்றைக் காட்டினார். அது வேட்பாளர் தனக்கே போட்டுக்கொண்ட ஓட்டு. ஷஃபியுல்லா, பி.ஏ. இரண்டு இடத்தில் கையெழுத்திருந்தது. ஒன்று போதாது என்று பட்டிருக்கும்.

"இத்தினி பேரும் போட்டிருக்காங்களே சார்," என்றார் ஷஃபியுல்லா. அது ஆட்சேபமாக இல்லை.

"சட்டப்படி இவங்க யாரும் ஓட்டுப் போடல."

ஜெயித்த ஆறு பேரில் ஒருவர், சுயநிதிக் கல்லூரித் தாளாளர், மாலையோடு நின்றிருந்தார். ஷஃபியுல்லா சட்டைப்பையிலிருந்து கேள்வியை எடுத்து நீட்டினார். "சார், இத ஒருதபா கூட்டத்துல நீங்க கேட்டீங்கன்னா..."

"கட்டாயம் பாய். எந்த வருஷத்து மேட்டர்?"

"ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு."

"அடடா," என்று அவர் மனதார வருத்தப்பட்டுத் தாளை உதவியாளரிடம் கொடுத்தார். உதவியாளர் அதை மாலைகள் இருந்த பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது மின்சார ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தது. தாம்பரம் தாண்டும் வரை உப்பிலி வாயைத் திறக்கவில்லை. அது அவர் வாழ்க்கையிலேயே ஒரு சாதனை.

"நோட்டீசுல விட்டுப்போன ஒற்றப் பார்த்தேனேய்யா பாய்," என்றார் கடைசியில். "அர்த்தத்தப் பார்க்கலையே."

"நீ இன்னா பண்ணுவ சாமி. அவ ஒரு கையெழுத்து போடல, போச்சு. நான் இருநூறு பேர போட வெச்சேன், அதுவும் போச்சு." பரனூர் தாண்டி ஏரி வந்து போயிற்று. "ரெண்டாவது தபா நான்தான் அவள வரலன்னு எழுதிட்டேன்."

வீட்டில் அஃப்ஸானா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து, துப்பட்டாவைக்கூட எடுக்காமல் தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். 'நான்தான் சொன்னேனே' என்று சொல்ல அவளுக்கு முழு உரிமையும் இருந்தது, சொல்லவில்லை. அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். இரண்டு இடத்தில் கையெழுத்து போட்டதையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கோப்பையைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். கேட்ல அவ உள்ள போனதயும் வெளிய வந்ததயும்தான் நான் பார்த்தேன். ஹால்ல உக்காந்து எழுதினத நான் பார்க்கல இல்ல?"

"அத்தா."

"இல்ல, எல்லாரும் வரல வரலன்னு சொல்லச் சொல்ல... எனக்கே இப்ப ஒரு மாதிரி கீது."

அஃப்ஸானா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வந்தாங்க அத்தா. எழுதினாங்க. அன்னிக்கு சாயங்காலம் அம்மா என்ன உக்கார வெச்சு, எல்லா கேள்விக்கும் இன்னா எழுதினாங்கன்னு சொன்னாங்க. நான்தான் மார்க் போட்டேன்."

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே?"

"உங்ககிட்ட சொன்னா தப்பு கண்டுபிடிச்சுக் கொறைச்சிடுவீங்களாம்."

மூன்றாம் வகுப்பில் தேறிய ஷஃபியுல்லா தலை குனிந்தார். அவர் குறைத்திருப்பார். ஒவ்வொரு தாளுக்கும் குறைத்திருந்தார்.

"இன்னா கேள்வி வந்துதாம்?"

"பல்லவர் ஏரிகள். பத்து மார்க்."

"இன்னா எழுதினாளாம்?"

அன்றைக்கு அஃப்ஸானாவுக்குப் பன்னிரண்டு வயது. ஏரிகள் என்ற சொல்லுக்கு மேல் அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை. அத்தா முன்னால் சாய்ந்து, பதிலுக்குக் காத்திருந்தார்.

"மதுராந்தகம் ஏரிய... மகேந்திரவர்மன் வெட்டினாருன்னு எழுதினாங்க," என்றாள்.

அது சோழன் வெட்டியது என்று அந்த வழியாகப் போகும் பேருந்து நடத்துநருக்குக்கூடத் தெரியும். நஜ்மா அந்தத் தப்பைச் செய்யவே மாட்டாள் என்பது அவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

"சரி," என்றார். "அதுக்கு எவ்ளோ போட்ட?"

"ஒன்பது."

"சரிதான். அடுத்தது?"

"கடற்கரைக் கோயில யாரு கட்டினதுன்னு. ராஜராஜன்னு எழுதினாங்க."

ஷஃபியுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கரெக்ட்," என்றார். "அடுத்தது சொல்லு."